தட்டுக்குப் பக்கத்தில் ஒரு க்ரீன் டீ கப்

கேன்டீன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே,

போன மாதம் உங்கள் கேன்டீனுக்கு வந்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அங்கே பிரிவு உபசார விழா. சாப்பாடு நன்றாக இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரசம் சூடாக இருந்தது, தரையில் ஈரமில்லை, பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் துணி எதுவும் தொங்கவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், அது என் வியாதி. ஆனால் சோறு வாங்கும் கவுன்டரிலேயே, ஊறுகாய்க்கு அடுத்தாற்போல், க்ரீன் டீ கப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தீர்கள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கப் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கேயே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மாலை போட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் போய் நின்று டீயைப் பற்றிப் பேசினால், பெருசு ஆரம்பித்துவிட்டது என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் வண்டிக்குச் சின்னச் சின்ன இரும்புச் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. டென்சன் என்றால்தான் தெரியும். டென்சன் அண்ணாத்தே, டென்சன் சார், கொஞ்சம் கோபமாக இருந்தால் யோவ் டென்சன். கேஸை மூடினோமா என்று பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு மறுபடி திரும்பி வந்தவன் நான். மூடித்தான் இருந்தது. எத்தனையோ முறை அப்படித் திரும்பியிருக்கிறேன், ஒரு முறைகூடத் திறந்திருந்ததில்லை. அதற்காக அடுத்த நாள் திரும்பாமல் இருக்க முடிந்ததா என்றால், இல்லை.

எனக்கு முன்னால் சூப்பர்வைசராக இருந்தவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர்தான் என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர். சேர்ந்த புதிதில் ஒரு நாள் மத்தியான சாம்பாரில் எனக்கு ஏதோ வாடை தட்டியது. அப்போது முதல் பந்தி க்யூவில் நின்றுகொண்டிருந்தது. நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயையோ, சாம்பார் கெட்டுப் பூட்ச்சு போல கீதே!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான். க்யூ முழுக்கத் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. மதியம் மெஷின் ஓடவில்லை. பிறகு பார்த்தால், பெருங்காயம் புது டப்பா. வாடை அதிலிருந்து வந்திருக்கிறது.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பயந்தியே, அது சரி. கேன்டீன்காரன் பயந்தாத்தான் நாலு பேர் உயிரோட ஊட்டுக்குப் போவான். க்யூவாண்ட ஏன்டா சொன்ன? க்யூ இன்னா அண்டாவ எறக்குமா?"

"தெரியாம சொல்லிட்டேண்ணே."

"எறக்கறவன் யாரோ அவனாண்ட மட்டும் சொல்லு. வேற எவனாண்ட சொன்னாலும் அது பயம் இல்ல, சத்தம்."

நிறுத்தக்கூடியவனிடம் மட்டும் சொல். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே கடைப்பிடித்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கம்பெனிக்குப் புதிதாக ஒரு எச்.ஆர். மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. ரத்தப் பரிசோதனை முகாம் ஒன்று வைத்தார். பாதிப் பேருக்கு சர்க்கரை, மீதிப் பேருக்குத் தொப்பை என்று தெரிந்தது. பால் டீயில் சர்க்கரையைக் கொட்டிக் குடிப்பதுதான் காரணம் என்று பேச்சு வந்தது. மத்தியானம் வேண்டியவர்களுக்கு க்ரீன் டீ கொடுங்கள் என்றார். சுவரில் பச்சை இலைப் படம் ஒட்டினார்கள். இதயத்துக்கு நல்லது, கொழுப்பு குறையும், சுறுசுறுப்பு வரும் என்று கீழே எழுதியிருந்தது.

நான் பயந்தேன். எதற்குப் பயந்தேன் தெரியுமா? கப் ஒழுகும் என்று பயந்தேன். பால் டீயை நிறுத்தப் போகிறார்கள் என்று ஆட்கள் வேலையை நிறுத்துவார்கள் என்று பயந்தேன். பால்காரர் சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். எதுவும் நடக்கவில்லை. பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருந்தது.

எங்கள் டீ மாஸ்டர் சம்பத்து. அவன் கையால் டீ குடித்துவிட்டு வேறு டீ குடிக்க முடியாது, அப்படிப்பட்ட கை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது ஒரே டீதான். தூளைத் துணிப் பையில் போடு, கொதிக்க விடு, சாயம் இறங்கட்டும். க்ரீன் டீ இலையைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தான். வெளிறிய மஞ்சளாக வந்தது. முதல் நாளே குடித்தவர்கள் கேலி செய்தார்கள்.

"இன்னா மாமே, கப்ப கழுவுன தண்ணிய ஊத்தறியா?"

"அதுலயும் திருட்டா? எல கூடவா மிச்சம் புடிக்கற?"

சம்பத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. டீ வெளிறிப் போனால் இந்தப் பக்கத்தில் அது ஏமாற்று வேலை. மறுநாளிலிருந்து காலையிலேயே இலையைத் துணிப் பையில் கட்டி பாய்லருக்குள் இறக்கிவிட்டான். முதல் ஷிஃப்ட் வரும்போது ஆரம்பித்துச் சாப்பாட்டு நேரம் தாண்டும் வரை அது கொதித்துக்கொண்டே இருக்கும். கறுப்பாக, நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பாக வரும். "இப்ப பாரு, மருந்து மாரி கீது" என்றார்கள். கசந்தால் மருந்து என்று நம்புகிற ஜனம் நாம். நானும் குடித்துப் பார்த்துவிட்டு, சரி, நல்ல ஸ்ட்ராங்காக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

லேத்தில் கோதண்டம் என்று ஒருவர் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பார் என்று அவருக்கே தெரியாது, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். அவர் பால் டீயை விட்டுவிட்டு இதற்கு மாறினார். கொஞ்ச நாளில் சர்க்கரை குறைந்தது, நடை லேசானது. கோதண்டம் இளைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு சுவரொட்டி எதற்கு? மொத்தக் கம்பெனியும் கப்பை எடுத்தது. சாப்பாட்டோடு ஒரு கப் என்பது ஒரு பழக்கமாகிவிட்டது. மோரை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போவார்கள்.

அப்படி எடுத்தவர்களில் ஒருத்தி தேவகி. பிரஸ் மெஷினில் வேலை. அண்ணனூரிலிருந்து வருவாள். அவள் அப்பா திருநின்றவூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். தேவகி பல வருடமாக கான்ட்ராக்டில் இருந்தாள். அந்த வருடம் சிலரை பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், அதில் அவளும் ஒருத்தி என்று அவளுடைய சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடை மெடிக்கல். டாக்டர் பார்த்து, உடம்பு வேலைக்குத் தகுதி என்று சொல்ல வேண்டும்.

யார் கிளப்பிவிட்டார்களோ, மெடிக்கலில் எடை பார்ப்பார்கள், குண்டாக இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு புரளி. தேவகி கொஞ்சம் பூசின உடம்புக்காரி. அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். வந்ததும் வெறும் வயிற்றில் சம்பத்தின் கறுப்பு க்ரீன் டீ. மத்தியானம் கொஞ்சம் சோறு, அதோடு இன்னொரு கப். சாயந்திரம் கிளம்பும்போது ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்வாள்.

"இன்னாம்மா, பாய்லரயே தூக்கிகினு பூடுவ போல?" என்பான் சம்பத்து.

"பெர்மனென்ட் ஆவட்டும் மாமே, உனக்கும் பாய்லருக்கும் சேத்து பிரியாணி."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் தேவகி சமையல்கட்டுப் பக்கம் வந்து ஒரு பிடி பச்சரிசி கேட்பாள். வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே போவாள்.

"அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழ பெய்யும்மா" என்று சொல்வேன்.

"அது ஆய்ப் போய் எட்டு வருஷம் ஆவுது. இப்ப பேஞ்சா இன்னா, பெய்யலனா இன்னா?"

சிரிப்போம். மூடின கேஸுக்காகத் திரும்பி வந்தவன், ஒரு பெண் தினமும் பச்சரிசியைத் தின்கிறாளே என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. உடம்பில் ரத்தம் குறைந்தால் சிலருக்கு அரிசி, மண், சாம்பல் என்று தின்னத் தோன்றும் என்பது பிறகு கம்பெனி டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். உதடு வெளுத்திருந்ததும் என் கண்ணில் பட்டது. இளைக்கிறாள், அதுதான் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். நல்லாத்தான் இளைச்சிட்டம்மா என்று வாயாலும் சொன்னேன்.

மெடிக்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. மத்தியானப் பந்தி முடிகிற நேரம். கை கழுவும் தொட்டிப் பக்கம் தட்டு விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். தேவகி தொட்டி விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், அங்கே நாங்கள் இருவர்தான்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லண்ணா. கண்ணு இருட்டிகினு வந்துச்சு. இப்ப சரியாப் பூட்ச்சு."

"காத்தால இன்னா சாப்ட்ட?"

"க்ரீன் டீ."

"டீய கேக்கல. சாப்ட்டது இன்னா?"

"அதான் சொன்னேனே."

"இதுக்கு முன்னாடி இப்டி வந்துகீதா?"

அவள் கீழே விழுந்த தட்டைத் துழாவினாள். தட்டை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்து வாங்கினாள்.

"வந்துகீதான்னு கேட்டேன்."

"முந்தாநேத்து ரயில்ல. ஒரு பொம்பள எடம் குட்தா, ஒக்காந்தேன், சரியாப் பூட்ச்சு. அண்ணா, யாராண்டயும் சொல்லிடாத. அடுத்த வாரம் மெடிக்கல்."

"இப்ப மெஷினுக்கா போற?"

"பின்ன, டேன்ஸ் ஆடவா போறேன்?"

"வாணாம்மா. இன்னிக்கு ஒரு நாளு லீவு சொல்லிட்டு ஊட்டுக்குப் போ."

"இந்த நேரத்துல லீவு கேட்டா எவன் பெர்மனென்ட் குடுப்பான்? நீ எதுக்குத்தான் பயப்படல? கேஸுக்குப் பயப்படுவ, கரன்டுக்குப் பயப்படுவ, பல்லிக்குப் பயப்படுவ. என்னுதையும் சேத்து ஏண்ணா நீ பயப்படற? எனுக்கு ஒண்ணும் ஆவாது."

சங்கு ஊதிவிட்டது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு நடந்தாள். நேராகத்தான் நடந்தாள். ஆனால் வாசலைத் தாண்டும்போது ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே போனது.

நான் அங்கேயே நின்றேன். பிரஸ் மெஷின் உங்களுக்குத் தெரியும். தகட்டை வைக்க வேண்டும், காலால் அமுக்க வேண்டும், மேலிருந்து இறங்கும். பாதுகாப்புக் கம்பியெல்லாம் உண்டு. உண்டு என்றாலும் விரல் இல்லாத ஆட்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். கண் இருட்டுவது ஒரு நொடி. மெஷினுக்கு அந்த ஒரு நொடி போதும்.

ஃபர்ஸ்ட் எய்ட் அறைக்கு ஓடினேன். நர்ஸம்மா அன்றைக்கு லீவு. டாக்டர் வருகிற நாளும் அதுவல்ல. தேவகியின் பின்னாலேயே போய் மறுபடி கெஞ்சலாம், கேட்க மாட்டாள். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போகலாம். நான் டென்சன், எதற்கெடுத்தாலும் பதறுகிறவன், இதுவும் மூடின கேஸாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பழகிய மனது, உடனே ஒத்துக்கொண்டது. அதுதான் பயமாக இருந்தது. அப்போது என் பழைய சூப்பர்வைசர் சொன்னது காதில் விழுந்தது. நிறுத்தக்கூடியவனிடம் மட்டும் சொல். மெஷினை நிறுத்தக்கூடியவர் அவளுடைய செக்‌ஷன் சூப்பர்வைசர்.

அவரிடம் போய்க் காதோடு காதாகச் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "சார், தேவகிக்குக் கண்ணு இருட்டுது. ரெண்டாவது தடவ. இன்னிக்கு மெஷின்ல வேணாம்."

அவர் உடனே போய் மெஷினை நிறுத்தினார். தேவகி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் ரொம்பவும் குறைவு. பிறகு என்னைக் கூப்பிட்டு, கேன்டீனில் என்ன கொடுக்கிறீர்கள், எப்போது கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். சம்பத்து துணிப் பையைப் பாய்லரில் போடுவதையும் சொன்னேன்.

"காலையிலிருந்து கொதிக்குதா?" என்றார்.

"ஆமாங்கம்மா. விஷமா ஆயிடுச்சுங்களா?"

"விஷமெல்லாம் இல்லைங்க. பயப்படாதீங்க. அந்த இலையில நல்லதும் இருக்கு. சர்க்கரை போட்டுப் பால் டீ குடிச்சவங்க இதுக்கு மாறினா நல்லதுதான். கோதண்டத்துக்கு நல்லது பண்ணினது, இதைக் குடிச்சதைவிட அந்தச் சர்க்கரையை விட்டது. ஆனா எந்த டீயா இருந்தாலும் சாப்பாட்டோட குடிச்சா, சோத்துல கீரையில பருப்புல இருக்கிற இரும்புச் சத்தை உடம்புல சேர விடாது. நல்லா இருக்கிறவங்க தாங்கிப்பாங்க. ஏற்கெனவே ரத்தம் கம்மியா இருக்கிற பொண்ணுங்க தாங்க மாட்டாங்க."

"அப்ப டீயாலதான் இப்படி ஆச்சுங்களா?"

"டீ மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். அவங்களுக்கு மாசா மாசம் அதிகமாப் போகுது, அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. காலையில சாப்பிடல. வெறும் வயித்துல இவ்வளவு கடுமையா குடிச்சா குமட்டும், படபடப்பு வரும். இதெல்லாம் சேர்ந்துதான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சிருந்தா, இவ்வளவு மோசமாகியிருக்காது. மாத்திரை தர்றேன், சில மாசத்துல சரியாயிடும்."

ஒரு மணி நேரம். பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இதுதான். கப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தது நாங்கள். ஒரே நடையில் வேலை முடியட்டும் என்று வைத்தோம். இன்னொரு முறை தள்ளுவண்டி எடுக்கச் சோம்பல், அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

சில மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா எழுதித்தான் கொடுத்தார். ஆனால் மெடிக்கல் அடுத்த வாரமே. மெடிக்கலில் வழக்கமாக ரத்தம் எடுப்பதில்லை, ஆனால் இவளுடைய காகிதத்தில் ரத்தம் குறைவு என்ற குறிப்பு ஏறிவிட்டதால், இப்போதைக்குத் தகுதி இல்லை என்று வந்தது. எச்.ஆர். மேனேஜரிடம் நான் போய் நின்றேன். "சார், கொஞ்சம் பொறுத்தா அந்தப் பொண்ணு தேறிடும் சார்." அவர், "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. இப்போதைக்குத் தகுதி இல்லைன்னு வந்தவங்களை நான் எப்படிச் சேர்க்க முடியும்? அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். அவளோடு இருந்தவர்கள் பெர்மனென்ட் ஆனார்கள். அடுத்த தடவை வருவதற்குள் கான்ட்ராக்டர் மாறினார். பழைய கான்ட்ராக்டரின் ஆட்களோடு தேவகியும் வெளியே போனாள்.

போகிற நாளில் சாப்பிட வந்தாள். சம்பத்து அவளைப் பார்க்க முடியாமல் பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் எதிரில் போனேன்.

"அம்மா தேவகி, அன்னிக்கு..."

"எனுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "ஒரு வாரம். பல்ல கட்ச்சிகினு ஒரு வாரம் நின்னுருப்பேன்."

விரல் போயிருந்தால் விரலைக் காட்டலாம். போகாத விரலை எப்படிக் காட்டுவது? நான் பயந்ததற்காக அவள் இழந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் தப்பித்தது எதுவும் இருந்தால், அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த வேலையில் பயப்படுகிறவனுடைய கணக்கு இப்படித்தான் எப்போதும் நிற்கும்.

மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தச் சூப்பர்வைசரிடம்தான் போவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரியாகச் செய்துவிட்டேன் என்ற நிம்மதி இன்றுவரை வரவில்லை. நிறுத்தக்கூடியவனிடம் சொல் என்றாரே, கப்பை நிறுத்தக்கூடியவன் யார்? நான்தான். அந்த ஒரு ஆளிடம் யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. அந்த டாக்டரம்மா வாரம் தவறாமல் எங்கள் கேன்டீனில்தான் சாப்பிட்டார், தனி அறையில். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு க்ரீன் டீயைச் சாப்பாட்டுக் கவுன்டரிலிருந்து எடுத்தேன். பந்தி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளுவண்டியில் வேலை நடக்கிற இடத்துக்கே அனுப்பினேன். பால் டீக்கும் அதே சட்டம். க்ரீன் டீக்குக் கட்டிய துணிப் பையைச் சம்பத்து தூக்கி எறிந்தான். கேலி செய்தவர்களிடம், "மஞ்சளாத்தான் வரும், இஷ்டம் இருந்தா குடி, இல்லனா போ" என்றான். சோற்றோடு எலுமிச்சைத் துண்டு வைத்தோம், இரும்புச் சத்து சேர அது உதவும் என்று டாக்டரம்மா சொன்னார். எல்லாரும் முணுமுணுத்தார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்வார்கள்? மயக்கம் வராதவர்களுக்கு, வராமல் போனது எப்படித் தெரியும்?

உங்களிடம் யாராவது வந்து, இந்த டீ நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லாதீர்கள். யார் குடிக்கிறார்கள், எப்போது குடிக்கிறார்கள், எவ்வளவு ஸ்ட்ராங்காகக் குடிக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். இளைப்பதற்கென்று க்ரீன் டீயை மாத்திரையாகவே விற்கிறார்களாம், அது சிலருக்கு ஈரலைக் கெடுத்துவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்தார். அதைக் கேன்டீன் பக்கம் யாரும் கொண்டுவந்து விற்க விடாதீர்கள். உங்களுக்கு இது எல்லாம் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. கப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த அளவுக்காவது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் விழாவுக்கு வந்தேனே, அதற்கு இரண்டு நாள் கழித்து அண்ணனூரில் மகள் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் நெமிலிச்சேரிக்கு வீடு திரும்ப ஸ்டேஷனில் நின்றபோது, எதிர்ப் பிளாட்பாரத்து பெஞ்சில் தேவகி. தலையில் கொஞ்சம் நரை. படியேறி அந்தப் பக்கம் போனேன். என் வண்டி போனால் போகட்டும்.

"டென்சன் அண்ணனா?" என்று சிரித்தாள். "இன்னாண்ணா, எளச்சிட்ட?"

"வயசாவுதும்மா. எங்க வேல?"

"கொரட்டூர்ல. பேக்கிங்."

கேட்கக் கூடாது என்று நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது. "பெர்மனென்ட்டா?"

"உனுக்கு இன்னும் அந்த பயம் போவலியா?" என்றாள். மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது. இட்லியைப் பிட்டுக்கொண்டே, "கான்ட்ராக்ட்தான்" என்றாள். பிறகு நான் கேட்காமலேயே சொன்னாள். "இன்னிக்கும் அப்டித்தாண்ணா தோணுது. எனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காதும்மா" என்றேன்.

அவள் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸை மூடினாள். பையிலிருந்து ஃபிளாஸ்க் எட்டிப் பார்த்தது. அதே ஃபிளாஸ்க், மூடியில் அதே நசுங்கல். அதை எடுப்பாள் என்று பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அவளோடு சேர்ந்து இட்லி சாப்பிட்ட பக்கத்துப் பெண் ஃபிளாஸ்க்கைப் பார்த்து, "டீயாக்கா? எனுக்குக் கொஞ்சம் ஊத்து" என்றாள்.

"இப்பத்தான சாப்ட்ட? சும்மாரு" என்றாள் தேவகி. "கம்பெனிக்குப் போய் குடிக்கலாம்."

வண்டி வந்தது. என்னைப் பார்க்காமல் ஏறினாள்.